ஞானப்பல்லு: எடுக்கணுமா, விட்டுடலாமா? – வாசகர் கேள்வி, பல் டாக்டர் பதில்

போன இதழ்ல பல் சொத்தை பத்தி எழுதினப்புறம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலேர்ந்தும் நிறைய கேள்வி வந்துச்சு, அதுல பாதிக்கு மேல கடைசி கடவாய்ப்பல்லு, அதாவது ஞானப்பல்லு பத்தித்தான். அதனால இந்த தடவை முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். பேரு போட வேண்டாம்னு பல பேர் கேட்டுக்கிட்டதால ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

டாக்டர் வணக்கம். எனக்கு 22 வயசு, ஓசூர்ல கம்பெனி வேலை. பல்லு க்ளீன் பண்ண போன இடத்துல ஓபிஜின்னு ரெண்டு தாடையும் ஒரே படத்துல தெரியற எக்ஸ்ரே எடுத்து பாத்துட்டு, நாலு ஞானப்பல்லும் சரியில்ல, இப்பவே நாலையும் எடுத்துடுங்க, பின்னாடி கஷ்டப்படுவீங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு வலியும் இல்ல. அம்மா "வலிக்காத பல்லை எதுக்குடா புடுங்கறே"ன்னு திட்றாங்க. யார் சொல்றத கேக்கறது?
– வாசகர், பாலக்கோடு

தம்பி, அம்மா கேக்கறது நியாயமான கேள்விதான், ஆனா வலி இருக்கா இல்லையாங்கறத மட்டும் வெச்சு இதுக்கு பதில் சொல்ல முடியாது. சில ஞானப்பல்லு ஒரு வலியும் காட்டாம முன்னாடி இருக்கற நல்ல கடவாய்ப்பல்லை பின்பக்கமா சொத்தை ஆக்கிட்டிருக்கும். சில ஞானப்பல்லு எக்ஸ்ரேல பாத்தா படுத்துக்கிட்டு கெடக்கும், ஆனா எலும்புக்குள்ள முழுசா மூடி இருக்கறதால ஆயுசுக்கும் ஒண்ணும் பண்ணாது. அதனால நாலு பல்லையும் ஒரே தட்டுல வெச்சு பேசக்கூடாது, ஒவ்வொண்ணா தனித்தனியா பாக்கணும்.

சாதாரணமா 17லேர்ந்து 25 வயசுக்குள்ள இந்த பல்லு வெளிய வரும். அதுக்குள்ள மத்த பல்லெல்லாம் வந்து தாடை எலும்பும் பெருசா வளர்ந்து முடிஞ்சிருக்கும், கடைசியா வர்றவனுக்கு இடம் பத்தாது, அதனால முன்பக்கம் சாய்ஞ்சோ, படுத்தோ, பாதி ஏறி நின்னோ போயிடும். கீழ்த்தாடைல முன்பக்கம் சாய்ஞ்சு பக்கத்து பல்லு மேல முட்டிக்கிட்டு நிக்கறதுதான் நாங்க அதிகமா பாக்கறது. முழுசா வெளிய வந்து நேரா நின்னு, பிரஷ் போயி தேய்க்க முடிஞ்சா அது உங்க மத்த பல்லு மாதிரி ஒரு நல்ல பல்லு, அதை எடுக்க ஒரு காரணமும் இல்ல. முழுசா எலும்புக்குள்ள இருந்து சுத்தி கட்டியோ நீர்ப்பையோ இல்லன்னா அதையும் தொட வேண்டியதில்ல, எக்ஸ்ரேல அப்பப்ப பாத்துக்கிட்டா போதும். தொல்லை குடுக்கறது பெரும்பாலும் பாதி வெளிய பாதி உள்ள இருக்கற பல்லுதான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், பொரிகடலை தோலு, கறி நாரு, மாம்பழ சீசன்ல மாம்பழ நாரு எல்லாம் அதுக்குள்ள போயி உக்காந்துக்கும், பிரஷ்ஷும் போகாது நாக்கும் போகாது.

இங்கிலாந்துல 2000த்துல அவங்க அரசு மருத்துவ சேவைக்கு நைஸ்ங்கற அமைப்பு ஒரு வழிகாட்டுதல் குடுத்தாங்க, நோயில்லாத ஞானப்பல்லை பின்னாடி வருமோன்னு பயந்து முன்கூட்டியே எடுக்கற பழக்கத்தை நிறுத்துங்கன்னு. எடுக்கறதுக்கு காரணமா அவங்க சொன்னது சரிபண்ண முடியாத சொத்தை, சீழ், நீர்ப்பை, பக்கத்து பல்லை அரிக்கறது, திரும்பத் திரும்ப ஈறு வீங்கறது, இந்த மாதிரி விஷயங்கள். ஆனா அதுக்கப்புறம் அங்கயே, விட்டுவெச்ச சாய்ஞ்ச பல்லால முன்னாடி கடவாய்ப்பல்லு பின்பக்கம் சொத்தையாகி நாப்பது அம்பது வயசுல வர்றவங்க இருக்காங்கன்னும் டாக்டருங்க எழுதினாங்க. எடுக்காம விடறதுன்னா மறந்துட்டு விடறதில்ல, வருஷத்துக்கு ஒரு தடவை காட்டி, அந்த ரெண்டு பல்லு சேர்ற இடத்தை டாக்டர் குச்சி விட்டு பாத்து, தேவைப்பட்டா சின்ன எக்ஸ்ரே எடுத்து பாக்கறதுதான் விடறது.

அதனால நீங்க திரும்ப அந்த டாக்டர்கிட்ட போயி எக்ஸ்ரேவ கைல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பல்லா கேளுங்க. இதுல எது பாதி வெளிய இருக்கு, முன்னாடி பல்லுல சொத்தை ஆரம்பிச்சிருக்கா, வேர் பக்கத்துல கருப்பா எதாச்சும் தெரியுதா, கீழ்த்தாடை நரம்பு வேருக்கு எவ்வளவு கிட்ட ஓடுதுன்னு கேளுங்க. காரணம் சொல்ற டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு. "எல்லாருக்கும் எடுக்கறதுதான்"னு மட்டும் பதில் வந்தா இன்னொரு இடத்துல காட்டுங்க, தாடை அறுவை சிகிச்சை படிச்ச டாக்டர்னா இன்னும் நல்லது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். காரணம் இருக்கற பல்லுன்னா 22 வயசுங்கறது எடுக்க நல்ல வயசு. வேர் முழுசா வளர்ந்து முடியாம இருக்கலாம், எலும்பு கொஞ்சம் இளகலா இருக்கும், புண்ணு சீக்கிரம் ஆறும். அதையே 45ல எடுத்தா எலும்பு இறுகி, வேர் நல்லா ஊன்றி, சுகர் பிரஷர் எல்லாம் சேர்ந்து வேலை பெருசாயிடும். காரணம் இருந்தா தள்ளிப்போடாதீங்க, காரணம் இல்லன்னா வயசு சின்னதா இருக்குங்கறதுக்காக எடுக்காதீங்க. எடுக்கறதா முடிவு பண்ணினாலும் நாலையும் ஒரே நாள்ல எடுக்க அவசரம் இல்ல, ஒரு பக்கம் மேலயும் கீழயும் எடுத்துட்டு அது ஆறினப்புறம் அடுத்த பக்கம்னு பண்ணிக்கலாம், மெல்லறதுக்கு ஒரு பக்கம் மிச்சம் இருக்கும்.

மேடம், எனக்கு 27 வயசு, ஒரு பையன் இருக்கான். கீழ் தாடைல வலது பக்கம் கடைசில ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஈறு வீங்கி வாயே தொறக்க முடியறதில்ல, முழுங்கினா காது வரைக்கும் வலிக்குது. மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கி போட்டா மூணு நாள்ல சரியாயிடுது, திரும்ப வருது. அடுத்த குழந்தைக்கு பாத்துட்டு இருக்கோம். இப்ப பல்லு எடுக்கலாமா, இல்ல எல்லாம் முடிஞ்சு பாத்துக்கலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

இந்த தடவை வந்த கடிதத்துலயே எனக்கு ரொம்ப கவலையா இருந்தது உங்களுதுதாம்மா, ஏன்னா இந்த மாதிரி மெடிக்கல் மாத்திரையிலயே ரெண்டு மூணு வருஷம் ஓட்டிட்டு கழுத்து வீங்கி வர்றவங்கள பாத்திருக்கேன்.

உங்களுக்கு நடக்கறது என்னன்னா, பாதி வெளிய வந்த பல்லு மேல ஈறு ஒரு குல்லா மாதிரி மூடிக்கிட்டு இருக்கு. அந்த குல்லாவுக்கு அடியில சோறு, கிருமி எல்லாம் சேர்ந்து அழுகி வீங்குது, வீங்கின ஈறு மேல மேல்பல்லு வந்து கடிக்குது, அதனால இன்னும் வீங்குது. வாயை மூடித் தொறக்கற சதை அதுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கறதால அது இறுகிக்கிட்டு வாய் தொறக்க மாட்டேங்குது. மாத்திரை போட்டா கிருமி அடங்கும், ஆனா குல்லா அப்படியேதான் இருக்கும், சந்தும் அப்படியேதான் இருக்கும், அதனால அடுத்த தடவை வர்றதுக்கு எல்லாமே தயாரா இருக்கு. மூணு நாள் போட்டு வலி போனதும் பாதில நிறுத்தறீங்க பாருங்க, அதுவும் நல்லதில்ல, ஆன்டிபயாடிக் எதுக்கு எத்தனை நாள்னு டாக்டர் சொல்லணும், மெடிக்கல் கவுன்ட்டர்ல முடிவு பண்ணக்கூடாது. நெறைய பேருக்கு குல்லாவுக்கு அடியில மருந்து தண்ணி விட்டு கழுவி சுத்தம் பண்ணினாலே பாதி வலி போயிடும், காய்ச்சலோ பரவற வீக்கமோ இல்லன்னா ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது.

நான் மேல சொன்ன இங்கிலாந்து வழிகாட்டுதல்லயே ஒரு தடவை லேசா வீங்கினா எடுக்க வேண்டாம், ரெண்டாவது தடவையும் வந்தா எடுக்கறத யோசிக்கலாம்னு இருக்கு. உங்களுக்கு எத்தனையோ தடவை வந்தாச்சு. வீக்கம் இருக்கற நாள்ல எடுக்க மாட்டாங்க, முதல்ல அதை தணிச்சுட்டு அப்புறம் எடுப்பாங்க, மேல்பல்லு ஈறை கடிக்குதுன்னா அதையும் சேர்த்து எடுக்க சொல்லலாம்.

குழந்தைக்கு பாக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, இதுதான் என் தெளிவான பதில். கர்ப்ப காலத்துல ஈறு சும்மாவே வீங்கும், அப்ப இது வந்தா எக்ஸ்ரேவுக்கு யோசனை, மாத்திரைக்கு யோசனைன்னு எல்லாத்துக்கும் தயங்க வேண்டி வரும். ஒருவேளை அதுக்குள்ள கர்ப்பம் ஆயிட்டாலும் பயப்படாதீங்க, 4லேர்ந்து 6 மாசம் வரைக்கும் பல் சிகிச்சைக்கு வசதியான காலம், அந்த இடம் மட்டும் மரத்துப்போற ஊசி போட்டு அவசரமான பல்லை எடுக்கலாம். ஆனா நீங்களா வாங்கற வலி மாத்திரை அப்ப வேண்டவே வேண்டாம், ஐபுப்ரூஃபன் மாதிரி மாத்திரைங்க 20 வாரத்துக்கு மேல வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆபத்து, மகப்பேறு டாக்டர கேக்காம ஒண்ணும் போடாதீங்க.

அதுவரைக்கும் வீட்ல ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை ஸ்பூன் உப்பு போட்டு சாப்பிட்டப்புறம் எல்லாம் அந்த பக்கம் நிறுத்தி கொப்புளிங்க. சின்ன தலை இருக்கற குழந்தைங்க பிரஷ் வாங்கி அந்த கடைசி பல்லை மெதுவா தேய்ங்க. கன்னத்துக்கு வெளிய சூடா ஒத்தடம் குடுக்காதீங்க, சீழு வெளிப்பக்கம் இழுத்துக்கிட்டு வந்துடும். வலி மாத்திரையை முழுங்காம ஈறு ஓரமா வெச்சுக்கறாங்க சில பேர், அது ஈறை வெந்து போக வெச்சுடும்.

வீக்கம் தாடைக்கு கீழ கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, நாக்கு அடியில தூக்கிக்கிட்டு எச்சில் முழுங்க முடியலன்னாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, எந்த நேரமா இருந்தாலும் 108க்கு போன் பண்ணி பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. பல்லு சீழால மூச்சுக்குழாய் அடைச்சு உயிர் போறது நிஜமா நடக்கற விஷயம்.

சார், எங்க ஊர் பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம்னு சொல்வாங்க, எங்க வீட்ல எல்லாருக்கும் பல்லு மஞ்சளும் காவியுமா இருக்கும். பையனுக்கு 19 வயசு, ஞானப்பல்லு சாய்ஞ்சு வருது. இதுக்கும் அந்த தண்ணிதான் காரணமா? காவி பல்லு எடுக்கறப்ப ஒடஞ்சு போயிடுமா?
– வாசகர், பென்னாகரம்

(நான் அம்மாங்கய்யா, சார் இல்ல, பரவால்ல.) சாயறதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் இல்லீங்க. அது தாடைல இடம் இருக்கறத பொறுத்தது. ஆனா உங்க சந்தேகத்துல ஒரு உண்மை இருக்கு, அதை சொல்லணும்.

பல்லு மேல ஃப்ளோரைடு காவி வர்றது பல்லு முளைச்சப்புறம் இல்ல, தாடைக்குள்ள பல்லு உருவாகறப்பவே. முன்பல்லுங்க எல்லாம் சின்ன வயசுலயே உள்ள உருவாகிடும், அதனாலதான் எட்டு வயசுக்குள்ள குடிக்கற தண்ணிதான் முன்பல்லு கலரை தீர்மானிக்குதுன்னு சொல்றோம். ஞானப்பல்லோட மேல்பகுதி ஏறக்குறைய 7 வயசுலேர்ந்து 16 வயசு வரைக்கும் உருவாகும், அதனால பையன் அந்த வயசுல என்ன தண்ணி குடிச்சானோ அதோட அடையாளம் அந்த பல்லுலயும் இருக்கலாம். அவ்வளவுதான், அதனால சாயாது. லேசான காவி பல்லை எடுக்கறதுக்கும் பிரச்சனை இல்ல, ரொம்ப பள்ளம் பள்ளமா அரிச்சிருந்தா மட்டும் டாக்டர் பிடிக்கறப்ப மேல்பகுதி உடையலாம், அதுக்கும் எங்ககிட்ட வழி இருக்கு.

காவி பல்லுன்னா அழுக்கு, தேய்க்காததுன்னு நினைச்சு பசங்கள திட்டறவங்க நம்ம ஊர்ல இன்னும் இருக்காங்க, பொண்ணு பாக்க வர்றவங்க வாயை தொறந்து சிரிக்க சொல்லி பாத்துட்டு போறதும் நடக்குது, எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும். அந்த பிள்ளைங்க தப்பு ஒண்ணுமே இல்ல, பாறைக்கடியில இருந்து வந்த தண்ணியோட வேலை அது. குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும்தான் ஃப்ளோரைடு இருக்கலாம், வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 1.5 வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கறது நம்ம நாட்டு அளவு. இதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டு குடிநீர் திட்டமே வந்துச்சு, 2008ல அடிக்கல் போட்டு 2013ல ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரி தண்ணி வர ஆரம்பிச்சுது. உங்க தெருவுல அந்த தண்ணி வருதுன்னா குடிக்கவும் சமைக்கவும் அதை வெச்சுக்கங்க, போர் தண்ணி குளிக்க துவைக்க போதும். முக்கியமா ஒண்ணு, போர் தண்ணிய கொதிக்க வெச்சா ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அளவு இன்னும் கூடும். காய்ச்சி குடுக்கறோம்லன்னு வீட்ல சின்ன குழந்தைக்கு குடுக்காதீங்க.

எனக்கு வயசு 58. மேல இடது பக்கம் ஞானப்பல்லு சொத்தையாகி பாதி ஒடஞ்சு நிக்குது. மேல் பல்லை புடுங்கினா கண்ணு பார்வை போயிடும்னு எங்க ஊர்ல சொல்றாங்க, அதனால தள்ளிப்போட்டுட்டே வரேன். சுகர் இருக்கு, ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன்.
– வாசகர், அரூர்

அய்யா, மேல் பல்லுக்கு போற நரம்பு வேற, கண்ணு பார்வைக்கு போற நரம்பு வேற. பல்லு எடுக்கறதால பார்வை போகாது. இந்த பயம் எங்கிருந்து வந்திருக்கும்னா, மேல் கடவாய்ப்பல்லுல சீழ் வெச்சு விட்டுட்டா முகம் வீங்கி இமை மூடிக்கும், ரொம்ப மோசமான நிலைல அந்த கிருமி கண்ணுக் குழிக்கு போறதும் அபூர்வமா உண்டு. அப்ப பல்லை எடுத்திருப்பாங்க, பழி பல்லு எடுத்ததுக்கு போயிருக்கும். நிஜத்துல ஆபத்து விட்டு வெக்கறதுலதான்.

ஹார்ட் மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, இதை நான் கைய கூப்பி கேட்டுக்கறேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இந்த மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஒரு பல்லு எடுத்தா கொஞ்ச நேரம் கூட ரத்தம் வரும், அதை பஞ்சு வெச்சு அழுத்தி, தையல் போட்டு நிறுத்திடலாம். மாத்திரைய நிறுத்தி, ஹார்ட் ரத்தக்குழாய்ல வெச்ச ஸ்டென்ட் அடைச்சுக்கிட்டா அதுக்கு எங்ககிட்ட வைத்தியம் இல்ல. வார்ஃபரின் மாதிரி மாத்திரைன்னா முன்கூட்டியே ஒரு ரத்த டெஸ்ட் பாக்கணும், எதுவா இருந்தாலும் மாத்திரை சீட்டை கையோட எடுத்துட்டு போங்க, ரெண்டு டாக்டரும் பேசிக்குவாங்க. சுகருக்கு மூணு மாச சராசரி டெஸ்ட் ஒண்ணு பாத்துட்டு, எடுக்கற அன்னிக்கு காலைல டிபன் சாப்பிட்டு சுகர் மாத்திரையும் போட்டுட்டு காலை நேரத்துலயே போங்க. வெறும் வயித்தோட வந்து நாற்காலில மயங்கி விழறவங்கதான் அதிகம். நேரா முளைச்ச மேல் ஞானப்பல்லு கீழ் பல்லை விட பொதுவா சுலபமா வந்துடும்.

வாய் முழுசா தொறக்க மாட்டேங்குது, ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு இப்ப ரெண்டு விரல்தான் போகுது. வலி இல்ல, காரம் சாப்பிட்டா மட்டும் வாயெல்லாம் எரியுது. ஞானப்பல்லு வருதுன்னு கூட வேலை செய்யறவங்க சொல்றாங்க. வயசு 34, லாரி ஓட்டறேன், தூக்கம் வராம இருக்க பாக்கு போடுவேன்.
– வாசகர், ஊத்தங்கரை

அண்ணா, இது ஞானப்பல்லா இருக்க வாய்ப்பு கம்மி. ஞானப்பல்லால வாய் தொறக்க முடியலன்னா வலியும் வீக்கமும் இருக்கும், திடீர்னு வரும், ஒரு வாரம் பத்து நாள்ல தணியும். வலி இல்லாம மாசக்கணக்குல இறுகிக்கிட்டே வர்றது, காரம் எரியறது, பாக்குப் பழக்கம், இது மூணும் சேர்ந்தா நாங்க முதல்ல நினைக்கறது பாக்கால கன்னத்துத் தோலுக்கு அடியில நாரு நாரா இறுகிப்போற நோய். கண்ணாடி முன்னாடி நின்னு கன்னத்தோட உள்பக்கத்தை பாருங்க, வெளுத்து பளிங்கு மாதிரி ஆகி, விரலால தடவினா கயிறு மாதிரி வரிவரியா தட்டுப்படும். சாதாரணமா ஒருத்தருக்கு அவங்க விரல் மூணு நெட்டுக்குத்தா வாயில போகணும்.

இது வாய் புத்துநோய்க்கு முன்னாடி வர்ற நிலை, எல்லாருக்கும் புத்துநோயா மாறாது, ஆனா மாற வாய்ப்பு நிஜமா இருக்கு. புகையிலை கலக்காத பாக்கும் இதுக்கு போதும், வெறும் பாக்குதானேன்னு நினைக்காதீங்க. இறுகினது பழைய மாதிரி முழுசா இளகாது, ஆனா இன்னிக்கே பாக்கை நிறுத்தினா மேல போறத நிறுத்தலாம், வாய் தொறக்கற பயிற்சி, ஊசி மருந்து எல்லாம் இருக்கு. தூக்கம் வந்தா வண்டிய ஓரம் கட்டி தூங்குங்க, பாக்கு போட்டு ஓட்டற அளவுக்கு எந்த லோடும் அவசரம் இல்ல. இந்த வாரமே பல் டாக்டர்கிட்ட போங்க, வாயில வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணோ இருந்தா சின்னதா சதை எடுத்து டெஸ்ட் பண்ண சொல்வாங்க, மறுக்காதீங்க.

கீழ் ஞானப்பல்லு எடுத்து மூணு நாள் ஆச்சு. முதல் நாள் நல்லாத்தான் இருந்தேன், இப்ப தாங்க முடியாத வலி, காது வரைக்கும் போகுது, வாயில நாத்தம் வேற. உதடு ஓரமும் மரத்தே இருக்கு. எடுத்த அன்னிக்கு சாயங்காலம் ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிச்சேன், வாயும் நல்லா கொப்புளிச்சேன். ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாங்களா?
– வாசகி, ஓசூர்

பல்லு எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு நிக்கணும், அதுதான் எலும்பை மூடி ஆற வெக்கற மருந்து. உறிஞ்சினாலோ, வேகமா கொப்புளிச்சாலோ, துப்பிக்கிட்டே இருந்தாலோ, பீடி சிகரெட் இழுத்தாலோ அது கழண்டு போயி எலும்பு திறந்துக்கும், ரெண்டாம் நாள்லேர்ந்து நாலாம் நாளுக்குள்ள இந்த வலி ஆரம்பிக்கும். கீழ் ஞானப்பல்லுலதான் இது அதிகம் வரும், ஒண்ணுமே தப்பா பண்ணாதவங்களுக்கும் வரும். இன்னிக்கே எடுத்த டாக்டர்கிட்ட போங்க, குழியை கழுவி மருந்து துணி வெச்சா அரை மணி நேரத்துலயே ஆசுவாசமா இருக்கும், ரெண்டு மூணு தடவை மாத்தி வெக்க வேண்டி வரலாம், தானா ஆறிடும்.

உதடு மரத்திருக்கறத கண்டிப்பா சொல்லுங்க. கீழ் தாடைக்குள்ள ஓடற நரம்பு ஞானப்பல்லு வேருக்கு பக்கத்துலயே போகும், எடுக்கறப்ப அது நசுங்கினா உதடும் முகவாயும் மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரத்துலேர்ந்து சில மாசத்துல உணர்ச்சி திரும்பிடும், நிரந்தரமா நிக்கறது நூத்துக்கு ஒருத்தருக்கும் கம்மி. இந்த ஆபத்தை எடுக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு சொல்லியிருக்கணும், வேரும் நரம்பும் ஒட்டி தெரிஞ்சா முப்பரிமாண ஸ்கேன் எடுத்து பாக்கறதும் அதுக்குத்தான்.

இனிமே எடுக்கப்போறவங்களுக்காக இதையும் எழுதிடறேன். பஞ்சை அரை மணிக்கு மேல நல்லா கடிச்சு வெச்சுக்கிட்டு எச்சிலை முழுங்கிடுங்க, துப்பாதீங்க. முதல் நாள் வெளிய ஐஸ் ஒத்தடம், கொப்புளிக்கறது மறுநாள்லேர்ந்து, அதுவும் உப்புத் தண்ணிய வாயில வெச்சு தலைய சாய்ச்சு தானா விழ விடுங்க. சாப்பாட்டுக்கு நம்ம ஊர்ல கவலையே இல்ல, ராகிக் களிய எப்படியும் மெல்லாமத்தான் முழுங்கறோம், நல்லா ஆற வெச்சு மோர் விட்டு கரைச்சு கூழா குடிங்க, காரக் குழம்பு மட்டும் நாலு நாளைக்கு வேண்டாம். இளநீர் டம்ளர்ல ஊத்தி குடிங்க.

ஞானப்பல்லு வந்து முன்பல்லை எல்லாம் தள்ளி கோணலாக்கிடும், அதனால கிளிப் போட்டவங்க கண்டிப்பா எடுக்கணும்ங்கறாங்களே?
– வாசகி, பர்கூர்

அப்படி தள்றதுக்கு சரியான ஆதாரம் இல்லம்மா. ஞானப்பல்லே பிறவியிலயே இல்லாதவங்களுக்கும், எடுத்துட்டவங்களுக்கும் வயசாக ஆக கீழ் முன்பல்லு நெருங்கத்தான் செய்யுது. கிளிப் கழட்டினப்புறம் பல்லு திரும்ப நகராம பிடிச்சு வெக்க குடுத்த ரிட்டெய்னரை ஒழுங்கா போடறதுதான் அதுக்கு வழி.

பாட்டி கண்டங்கத்திரி விதைய நெருப்புல போட்டு புகை பிடிச்சா பல்லுப்புழு விழுந்துடும், பல்லு எடுக்க வேண்டாம்ங்கறாங்க.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பல்லுல புழு கிடையாதுப்பா. கண்ணுக்கு தெரியாத கிருமி சர்க்கரைய தின்னு விடற அமிலம்தான் பல்லை குழி ஆக்குது, விழுந்ததுன்னு காட்டறது விதைக்குள்ள இருந்து வர்ற முளை. புகைல வாயும் உதடும் சுட்டுக்கிட்டு வந்தவங்களுக்கு நான் மருந்து போட்டிருக்கேன். பாட்டிகிட்ட சண்டை போடாதீங்க, ராத்திரி வலிக்கு ஒரு கிராம்பு கடிச்சுக்கிட்டு காலைல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

பிரைவேட்ல ஞானப்பல்லு எடுக்க ரொம்ப செலவாகுது. கவர்மென்ட் ஆஸ்பத்திரில எடுப்பாங்களா?
– வாசகர், மத்தூர்

எடுப்பாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, பல் பிரிவு இருக்கு, தாலுகா ஆஸ்பத்திரி சிலதுலயும் பல் டாக்டர் உக்கார்றாங்க. சாதாரணமா வெளிய வந்த பல்லை அங்கயே எடுத்துடலாம். எலும்பை கொஞ்சம் அறுத்து, பல்லை ரெண்டா வெட்டி எடுக்க வேண்டிய படுத்த பல்லுன்னா தாடை அறுவை சிகிச்சை டாக்டர் இருக்கற நாளா கேட்டுக்கங்க, இல்லன்னா சேலத்துக்கு எழுதிக் குடுப்பாங்க. காலைல ஓபி நேரத்துக்கு ஆதார் அட்டையோட போயிடுங்க, கூட ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. பிரைவேட்லயே எடுக்கறதா இருந்தா எக்ஸ்ரே, தையல் பிரிக்கறது, மருந்து, மறுபடி வந்து காட்டறது எல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு முன்னாடியே கேளுங்க, அதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. ஏற்கனவே ஓபிஜி எடுத்திருந்தா அந்த ஃபிலிமை எடுத்துட்டுப் போங்க, போன்ல போட்டோ மட்டும் எடுத்து காட்டினா நரம்பு ஓடற கோடு சரியா தெரியாது.